கொடுங்கோல் பல்லியைத் தேடிய பதினெட்டுப் பேர்

9 மார்ச் 1943, செவ்வாய்

காலையில் மழை. குகை வாயிலில் எரு நனையாமல் சாக்குகளை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன். முப்பத்தொரு சாக்கு எடை போட்டேன். வௌவால் எருவின் வாடை சட்டையை விட்டுப் போவதில்லை. நல்லம்மாள் என் சட்டையைத் தனியாகத் துவைக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து பத்திரிகை மையின் வாடையைக் குறை சொன்னவள், இப்போது மை எவ்வளவோ மேல் என்கிறாள்.

பினாங்கில் அச்சான எங்கள் நாளிதழ் நின்று பதினைந்து மாதம். அதன் ஈப்போ நிருபராக இருந்த நான் இப்போது ஜப்பானியரின் சுரங்க அலுவலகத்துக்கு எடைக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா. தம்பூன் சாலைச் சுண்ணாம்பு மலைக் குகையில் பதினெட்டுப் பேர் எரு வெட்டுகிறார்கள். எரு மரவள்ளித் தோட்டங்களுக்குப் போகிறது.

வேலை முடிந்து வந்ததும் பழைய தகரப் பெட்டியைத் திறந்து 1938-ஆம் வருடத்துச் சுருக்கெழுத்து நோட்டுகள் நான்கையும் எடுத்தேன். கரையான் தொடவில்லை. அந்த வருடம் பூமி ஆராய்ச்சிக்காரரான ஒரு வெள்ளைக்காரர் ஈப்போவில் நான்கு மாலை தொடர்ந்து பேசினார். பொருள்: டைரனோசாரஸ் என்னும் கொடுங்கோல் பல்லியும் அதன் குடும்பமும். ஒரு வார்த்தை விடாமல் எடுத்தேன். நூற்று எண்பது வரி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் இருபது வரி போட்டார். தலைப்பு: 'அடேயப்பா, எவ்வளவு பெரிய பல்லி!'

ஐந்து வருடமாக எனக்கு ஆறவில்லை. இப்போது வெட்டுவதற்கு ஆசிரியர் இல்லை. முழுவதையும் தமிழில் எழுதப் போகிறேன்.

11 மார்ச், வியாழன்

முதல் நோட்டு முடிந்தது. சாரம்:

1905-இல் அமெரிக்காவில் பெயர் வைத்தார்கள். தலை மட்டும் நான்கு அடி. மூக்கிலிருந்து வால் நுனி வரை நாற்பது அடிக்கு மேல், அதாவது எங்கள் எடைக் கொட்டகையைவிட நீளம். அழிந்து ஆறு கோடி வருடம் என்று கணக்கு. ஆனால் பேச்சாளர் வற்புறுத்தியது உருவத்தை அல்ல. இது தனியாக வந்த ராஜா இல்லை, ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை என்றார். கனடாவில் அதற்கும் முந்தி வாழ்ந்த ஒல்லியான உறவினர் இருவர், அல்பர்ட்டோசாரஸ், கொர்கோசாரஸ். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய நகமுள்ள ஒன்று. அது பங்காளியா, தூரத்துச் சொந்தமா என்று தீரவில்லை. மங்கோலியப் பாலைவனத்தில் கால் நீண்ட, இலேசான ஒன்று, அலெக்ட்ரோசாரஸ். வீட்டுச் சாயல் ஒன்று, உடம்பு வேறு வேறு.

இருபது வரிக்குள் இது எங்கே அடங்கும்?

15 மார்ச், திங்கள்

மத்தியான ஓய்வில் எழுதியதைக் குகை வாயிலில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஆட்கள் கேட்டார்கள். வேறு பொழுதுபோக்கு இல்லை என்பதும் காரணம்.

கொர்கோசாரஸின் கையில் இரண்டே விரல் என்று படித்ததும் சிரிப்பு. தண்டல் சன்னாசி, பதினெட்டுப் பேரில் ஒருவர், மற்றவர்களுக்கு மேலாள், வெற்றிலைக்குப் பதிலாக மென்றுகொண்டிருந்த கொய்யா இலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வெரல வெச்சிக்கிட்டு ராஜாவாம்லா. ஒங்க மச்சான் பத்து வெரல வெச்சிக்கிட்டும் ஒரு சாக்கு தூக்க மாட்டேங்கிறான்."

மச்சான் என்றது நல்லம்மாளின் தம்பி அர்ச்சுனனை. சுங்காய் தோட்டத்தில் பால் வெட்டியவன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனபின் ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன்.

"ராஜாவுக்கு எதுக்கு தண்டலே வெரலு?" என்றான் அவன். "வேல செய்றவனுக்குத்தான் வெரலு."

சன்னாசி அண்ணன் விடவில்லை. பெரிய ராஜாவுக்கு எத்தனை விரல் என்று கேட்டார். அதன் முழுக் கை இன்னும் கிடைக்கவில்லை, இரண்டு என்பது ஊகம் என்றேன். நாற்பது அடி உடம்பைத் தோண்டியவர்கள் ஒரு கையைத் தொலைத்துவிட்டார்களா என்று அவருக்கு வருத்தம்.

பிறகு அர்ச்சுனன், ஒரு பல்லை மட்டும் வைத்து இது இன்ன மிருகம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டான். நல்ல கேள்வி. முன்பற்களைப் பற்றிய பக்கத்தைப் படித்தேன். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வில்லும் நாணும் போல இருக்கும். வெளிப்புறம் வளைவு, பின்புறம் தட்டை. அந்தத் தட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி நுண்ணிய பல்வரிசை. பேச்சாளர் பலகையில் போட்ட படத்தை நான் நோட்டில் எடுத்திருந்தேன். அர்ச்சுனன் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

மணி அடித்துவிட்டது. மீதி நாளைக்கு.

16 மார்ச், செவ்வாய்

பக்கவாட்டுப் பற்களைப் படித்தேன். முன்பல் சிறியது. பெரிய பல் எல்லாம் வாயின் பக்கத்தில் இருப்பவை, வாழைப்பழம் போலத் தடித்தவை. அவற்றில் ரம்பம் முன் விளிம்பில் ஒன்று, பின் விளிம்பில் ஒன்று.

அர்ச்சுனனுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. கொய்னா மாத்திரை எங்கும் இல்லை. நல்லம்மாள் பப்பாளி இலையைக் கசக்கிப் பிழிந்து கொடுத்தாள்.

18 மார்ச், வியாழன்

நல்லம்மாள்: "எரு வாடையோட பல்லிக் கத படிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே. தஞ்சோங் ரம்புத்தான்ல கட்டில் காலியா இருக்காம், கேட்டு வெக்கட்டுமா?"

பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலாவது சோறு ஒழுங்காக வருகிறதா என்று விசாரிக்கச் சொன்னேன்.

22 மார்ச், திங்கள்

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்று சொல்கிறார்கள். சொன்னவர் யார், எழுத்தில் உண்டா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

சுங்காயில் அர்ச்சுனனின் தோட்டத்திலிருந்து மட்டும் அறுபத்திரண்டு பேரை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். இதை இரண்டு பேர் தனித்தனியே சொன்னார்கள், எண்ணிக்கை ஒத்துப்போகிறது. எனவே செய்தி. அடுத்து ஈப்போவைச் சுற்றியுள்ள கூலிகள். எரு வெட்டுபவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அலுவலகம் 'விசேஷப் பணி' என்று முத்திரை குத்திய ஆட்களுக்கு மட்டும் விலக்கு. எரு வெட்டுவது விசேஷம் இல்லையாம், அதைப் பெண்களே செய்வார்களாம்.

விசேஷப் பணி என்றால் என்னென்ன என்று அர்ச்சுனன் என்னிடம் இரண்டு தரம் கேட்டான். 

29 மார்ச், திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு சுரங்க எஞ்சினியர் ஒகுரா வந்தார். நாற்பது வயதுக்காரர். ஆங்கிலம் மெதுவாக, பிழையின்றிப் பேசுவார். சென்ற மாதம் வணங்கப் பிந்தியதற்காக சன்னாசியை அறைந்தவர். அதே சன்னாசி இன்று நேராக அவர்முன் போய் வணங்கி, இரண்டு கையாலும் ஒரு பல்லை நீட்டினார். எருவுக்கு அடியில் கிடைத்தது, பழைய ராஜாப் பல்லியின் பல், பேப்பர் அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்றார். மலாயில் சொன்னார், மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

ஒகுரா என்னைப் பார்த்தார். டைரனோசாரஸ் என்ற பெயரை அவரே சொன்னார். 1938-இல் எடுத்த குறிப்புகள் என்னிடம் இருப்பதாக சன்னாசி சொல்கிறாரே, உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே அந்த விஷயத்தில் வேறு புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை என்றும், ஒன்பது நாளில் எழுத்து மூலமாக என் அபிப்பிராயம் வேண்டும் என்றும், அது சாதகமாக இருந்தால் பல்லைத் தோக்கியோவுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அதுவரை பதினெட்டுப் பேரையும் சயாமுக்கு அனுப்புவது நிறுத்தி வைக்கப்படும்.

பல்லை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையில் சாமிக்குப் படையல் வைத்தவர்களின் களை இருந்தது.

31 மார்ச், புதன்

வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீளம் நாலே முக்கால் அங்குலம். எருவில் ஊறிப் பழுப்பேறியது. பழையதுதான்.

புலியின் கோரைப்பல். இருபது வருடத்தில் ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கில் சுடப்பட்ட பதினொரு புலிகளுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றின் பல்லையும் அளந்தவன். புலிப்பல்லில் ரம்பம் கிடையாது. இதில் இருக்கிறது. பின்புறத்தைத் தட்டையாக உரசி, அதன் இரண்டு ஓரத்திலும் வரிசையாக வெட்டு. வெட்டுக்குள் பழுப்பு இல்லை, வெள்ளை.

யார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. இவ்வளவு பெரிய பல் பக்கவாட்டுப் பல்லாகத்தான் இருக்க முடியும். அதில் ரம்பம் முன்னும் பின்னும் இருக்கும். இதிலோ முன்பல்லுக்கு உரிய இடத்தில் வெட்டியிருக்கிறது. பதினைந்தாம் தேதி நான் படித்தது மட்டும் பல்லில் இருக்கிறது. பதினாறாம் தேதி படித்தது இல்லை. பதினாறாம் தேதி குகைக்கு வராதவன் ஒருவன்தான். பால் வெட்டும் கத்தியைத் தீட்டுவதில் சுங்காயில் தனக்கு மிஞ்சி ஆளில்லை என்று சொல்பவனும் அவன்தான்.

கொல்லையில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். பல்லைக் காட்டினேன். மறுக்கவில்லை.

"நல்லா வந்திருக்கில்ல மச்சான்?" என்றான். "சின்ன அரம்லா. ரெண்டு நாளு புடிச்சுச்சு."

பாவிப்பய. ரெண்டு நாளாம். தோக்கியோவில் எவனாவது கண்ணாடி வெச்சிப் பாத்தா இவன் தல இருக்குமா? சன்னாசி தல? பதினெட்டுப் பேரு தலயும்லா போவும்! கெம்பித்தாய்ப் போலீஸ்காரன் வந்து கேட்டா அரத்தக் காட்டிச் சிரிப்பானா இவன்?

நிதானத்துக்கு வந்தபின் எழுதுகிறேன். குற்றம் என்னுடையது. சாட்சியிடம் கேள்வியிலேயே பதிலைக் கொடுக்காதே என்பது புது நிருபர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி. இன்னின்ன அடையாளம் இருந்தால் ராஜா என்று படத்தோடு சொல்லிக்கொடுத்தவன் நான். அடையாளத்தோடு பல் வந்து நிற்கிறது.

2 ஏப்ரல், வெள்ளி

மூன்று வழி இருக்கிறது. ராஜாவின் பல் என்று எழுதினால் அது தோக்கியோ போகும், அங்கே குட்டு வெளிப்படும், தலை போகும். மோசடி என்று எழுதினால் அதே தலை இன்னும் சீக்கிரம் போகும். புலி என்று மட்டும் எழுதினால் தலை தப்பும், ஆட்கள் சயாம் போவார்கள்.

நல்லம்மாளிடம் சொன்னேன். தம்பி செய்ததைக் கேட்டு முதலில் அவனை அடிக்கப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பிறகு உட்கார்ந்தாள்.

"பொய் எழுத மாட்டீங்க."

மாட்டேன் என்றேன். முப்பது வருடம் எழுதியதில் தெரிந்தே எழுதிய பொய் ஒன்று இல்லை.

"சரி. நூத்தியெம்பது வரி எழுதி இருபது வரி வந்துச்சே, அந்த இருபது வரி பொய்யா?"

இல்லை என்றேன். எதை வெட்டினார்கள், எதை முதலில் போட்டார்கள் என்பதுதான் தகராறு.

"அப்ப அதச் செய்ங்க," என்று சொல்லிவிட்டுக் கிழங்கு உரிக்கப் போனாள்.

4 ஏப்ரல், ஞாயிறு

நாள் முழுவதும் மூன்றாம் நோட்டோடு இருந்தேன். எனக்கு வேண்டியது அங்கே இருக்கிறது.

இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதில் பண்டிதர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி: அல்லோசாரஸ் என்ற பழைய பெரிய வேட்டை மிருகம் மேலும் வளர்ந்து ராஜாவானது, பெரியதிலிருந்து இன்னும் பெரியது. மறு கட்சி: காலைப் பார் என்கிறது. பாதத்தின் நடு எலும்பு மேல்நுனியில் இரண்டு பக்க எலும்புகளுக்கு இடையே நசுங்கி ஊசிபோல ஆகியிருக்கிறது. அல்லோசாரஸுக்கு அப்படி இல்லை. தீக்கோழி போல ஓடிய சிறிய, இலேசான பிராணிகளுக்கு அப்படி இருக்கிறது. ஆகவே ராஜாவின் பாட்டன் சிறியவன். ஓடிப் பிழைத்தவன். அந்தச் சிறியவர்களின் எலும்பு இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை.

பேச்சாளர் தீர்ப்புச் சொல்லவில்லை. தமக்கு இரண்டாம் கட்சியின் பக்கம் சாய்வு உண்டு என்றார். எனக்கும்.

பாட்டன் சிறியவன் என்றால் அவன் பல் அரிசி மணி அளவு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மண்வெட்டி உதவாது, சல்லடை வேண்டும். ஒரு சாக்கு எருவைச் சலித்துப் பொறுக்க எத்தனை பேருக்கு எத்தனை நாள்? நாளைக்கு சன்னாசி அண்ணனிடம் கேட்டுக் கணக்குப் போட வேண்டும்.

நான்காம் நோட்டில் இன்னொன்று இருக்கிறது. அதையும் விடக் கூடாது.

6 ஏப்ரல், செவ்வாய்

அறிக்கை எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில் ஐந்து பத்தி. இங்கே சாரத்தைப் பதிந்து வைக்கிறேன், பின்னால் என்ன எழுதினேன் என்று எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

ஒன்று: இந்தப் பல் புலியின் கோரைப்பல். இரும்பு பட்ட தடம் இருக்கிறது. பண்டிதர்களுக்கு அனுப்பத் தகுந்தது அல்ல. அனுப்பினால் அனுப்பியவருக்குப் பெருமை சேராது.

இரண்டு: டைரனோசாரஸ் குடும்பத்தின் மூலம் பற்றி இரண்டு கட்சி உண்டு. இரண்டாவது கட்சி சரியென்றால் தேட வேண்டியது பெரிய பல்லை அல்ல, மிகச் சிறியதை.

மூன்று: அந்தக் குடும்பத்தின் இலேசான ஓர் உறுப்பு மங்கோலியாவில் கிடைத்திருக்கிறது. மலாயாவில் இதுவரை எவரும் அரிசி அளவுப் பல்லைத் தேடி மண்ணைச் சலித்ததாக எனக்குத் தெரியாது.

நான்கு: சலிப்பது எப்படி. மூன்று சல்லடை, ஒன்றைவிட ஒன்று நெருக்கமான வலை. பதினெட்டுக் கைகாரர்கள். பல்லின் அடையாளங்களைக் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பதினெட்டுப் பேரைத் தவிர ஈப்போவில் வேறு ஆள் இல்லை.

ஐந்து: கிந்தாவின் சுண்ணாம்புக் கல் இருபது கோடி வருடத்துக்கும் முந்தியது, இந்தக் குடும்பமே பிறக்காத காலத்துக் கடல் அடி என்று பேச்சாளர் சொன்னார். குகைக்குள் சேர்ந்த மண்ணோ அந்தக் குடும்பம் அழிந்து வெகுகாலத்துக்குப் பிந்தியது. நடுக்காலத்து மண் எங்காவது தங்கியிருக்குமா என்று எவரும் பார்த்ததில்லை.

இரும்பு யார் கையில் இருந்தது என்று எழுதவில்லை. தெரிந்ததை எல்லாம் எழுத வேண்டும் என்று எனக்கு விதி கிடையாது. எழுதியதெல்லாம் தெரிந்ததாக இருக்க வேண்டும், அதுதான் விதி.

ஒரு விதியை மட்டும் மீறினேன். முக்கியமானதை முதல் வரியில் போடு என்று முப்பது வருடம் செய்துவந்தவன், இன்று அதைக் கடைசியில் வைத்தேன்.

7 ஏப்ரல், புதன்

ஒகுராவின் அறை. அவர் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. எதிரே தலைகீழாக இருக்கும் தாளைப் படிப்பது என் தொழிலில் முதல் வருடமே வந்துவிடும். ஜப்பானிய எழுத்தில் ஐம்பதை ராத்திரிப் பள்ளியில் படிக்க வைத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தில் மூன்று எழுத்தை என்னால் கூட்ட முடிந்தது: பி-ரு-மா. பர்மா, அதாவது போர்முனை.

அறிக்கையை இரண்டு தரம் படித்தார். இரண்டாம் தரம் கட்டைவிரல் ஐந்தாவது பத்தியில் நின்றது. சுரங்க எஞ்சினியருக்குச் சுண்ணாம்புக் கல்லின் வயது தெரியாமல் இருக்குமா?

"நீங்கள் பத்திரிகைக்காரர்," என்றார். "இந்தப் பத்தியை முதலில் போட்டிருந்தால் மற்ற நான்கும் தேவைப்பட்டிராது."

"ஆமாம்," என்றேன்.

"ஆனால் விடவில்லை."

"விடவில்லை."

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். குகையில் எரு தீரும் வரை என்றேன். இப்படியொரு தேடுதல் நடக்கும் இடத்தில் பொறுப்பான எஞ்சினியர் ஒருவர் இருக்க வேண்டியது அவசியம் அல்லவா என்று கேட்டார். அவசியம்தான் என்றேன். அந்தக் கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு முத்திரைக் கட்டையை எடுத்தார்.

விசேஷப் பணி. பதினெட்டுப் பெயர்.

புலிப்பல்லைத் திருப்பித் தந்துவிட்டார். 

19 ஏப்ரல், திங்கள்

சல்லடை மூன்றும் வந்தன. சுரங்கத்துக் கம்பி வலை. கையில் கட்ட வெள்ளைத் துணிப் பட்டை, அதில் சிவப்பு முத்திரை. அர்ச்சுனன் பட்டையைக் கட்டிக்கொண்டு அக்காளிடம் காட்டப் போனான். கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். பதினேழு நாள் கடன் என்றாளாம்.

8 ஜூன், செவ்வாய்

இதுவரை: வௌவால், எலி, முள்ளம்பன்றி, நத்தை ஓடு. தீப்பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி அடுக்குகிறேன். முள்ளம்பன்றிப் பல்லை சன்னாசி தூரத்திலிருந்தே அடையாளம் சொல்கிறார். "இது நம்ம ஆளு இல்லலா, வரி வரியா இருக்கு பாருங்க" என்று எனக்கே பாடம்.

24 ஆகஸ்ட், செவ்வாய்

மறுபடியும் லாரிகள். தெலுக் ஆன்சன் பக்கமிருந்து ஆறு, சுங்காயிலிருந்து இரண்டு. ஈப்போ ஸ்டேஷன் வரை போய் நின்று எண்ணினேன். ஒருவன் என்னைப் பார்த்து, சயாமில் குளிருமா அண்ணே என்று கேட்டான். தெரியாது என்றேன். மார்ச்சில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை.

எங்கள் பதினெட்டுப் பேரின் பட்டையை இரண்டு தரம் சோதித்துவிட்டு விட்டார்கள்.

2 நவம்பர், செவ்வாய்

தீப்பெட்டி இருபத்தெட்டு.

அர்ச்சுனன் இன்று ஒரு சிறு பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. பின்புறம் தட்டை, ஓரத்தில் ஏதோ வரிசை. "நான் ஒண்ணும் பண்ணல மச்சான். சத்தியமா அரம் ஊட்ல இருக்கு." கண்ணாடியில் பார்த்தேன். உடைந்த எலிப்பல்லில் ஒட்டிய மண். கழுவியதும் போய்விட்டது.

உள்ளபடி எழுத வேண்டும்: கழுவுமுன் நானும் நோட்டை எடுத்துப் பல்லின் படத்தைத் தேடினேன்.

13 மார்ச் 1944, திங்கள்

ஒகுரா போகிறார். பர்மாவுக்குத்தான். பதினொரு மாதம் தள்ளிப்போட்டார். விடைபெற வரவில்லை. அறிக்கையையும் உத்தரவையும் ஒன்றாகத் தைத்துக் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே அவர் கையெழுத்து.

16 மார்ச், வியாழன்

புது அதிகாரி குகைக்கு வந்தார். இளைஞர், அவசரக்காரர். தீப்பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். முதல் பெட்டி. இதுதானா அது என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது. இல்லை. நாற்பத்து மூன்று பெட்டிக்கும் இல்லை, இல்லை என்றேன்.  ஆம் என்று ஒன்றுக்காவது சொல்லியிருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்றிருப்பார்.

கிடைக்கும்வரை தேடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

கார் திருப்பம் தாண்டியதும் சன்னாசி அண்ணன் சொன்னார்: "இல்லன்னு சொல்லியே பதினெட்டுப் பேரக் காப்பாத்துன ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்லா அண்ணே."

11 டிசம்பர், திங்கள்

சன்னாசி போய்விட்டார். காய்ச்சல். ஏழு நாள். சல்லடையை யாரிடம் கொடுப்பது என்று நேற்றுக்கூடக் கேட்டார்.

20 ஆகஸ்ட் 1945, திங்கள்

யுத்தம் முடிந்தது என்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆறு பேர் சொல்லிவிட்டார்கள்.

சலித்த எரு கடைசியாகப் பன்னிரண்டு சாக்கு. எடை போட்டேன்.

14 அக்டோபர் 1945, ஞாயிறு

அர்ச்சுனன் இன்று காலை சுங்காய்க்குப் போனான். தோட்டம் மறுபடி திறக்கிறது. அறுபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் சயாமிலிருந்து வந்திருக்கிறார்கள். மூன்று பேரிடம் பெயர்களைச் சரிபார்த்தேன். அவன் நிரையில், அதே ரப்பர் மர வரிசையில் வெட்டியவர்களில் மிஞ்சியது அவன் மட்டும்.

போகுமுன் புலிப்பல்லைக் கேட்டான். ஒரு தீப்பெட்டியில் வைத்து மற்றவற்றைப் போலவே மேலே எழுதிக் கொடுத்தேன்: 'புலி. கோரைப்பல். அரம் பட்டது.' படித்துவிட்டு, "பேர எழுதலியா மச்சான்?" என்றான். இப்போது எழுதலாம் என்று வாங்கி எழுதினேன்.

பினாங்கிலிருந்து ஆசிரியரின் கடிதம் நேற்று வந்தது. நாளிதழ் மீண்டும் வருகிறது. ஈப்போவிலிருந்து முதல் செய்தி வேண்டும், எது வேண்டுமானாலும், இருபது வரி.

இன்று மத்தியானம் எழுதி முடித்தேன். நூற்று எண்பது வரி. கனடா, மங்கோலியா, இரண்டு விரல், நசுங்கிய பாத எலும்பு, இரண்டு கட்சி, எல்லாம் இருக்கின்றன. இந்த முறை முக்கியமானதை முதலில் போட்டேன்:

'ஈப்போ, அக். 14. கிந்தாவின் சுண்ணாம்பு மலைக் குகையில் டைரனோசாரஸ் குடும்பத்தின் பல் எதுவும் கிடைக்கவில்லை; அங்கே கிடைக்க வாய்ப்பும் இல்லை. இரண்டு வருடம் நான்கு மாதம் அதைத் தேடிய பதினெட்டுப் பேரில் தண்டல் சன்னாசி காய்ச்சலில் இறந்தார். மற்றப் பதினேழு பேரும் உயிரோடிருக்கிறார்கள்.'

ஓரத்தில் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இரண்டாவது வாக்கியத்தைத் தவிர.